சந்தனம் வைத்த வால்வு

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட வேண்டி வந்தால். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டேதான் காலம் தள்ளினோம். நெல் மண்டியில் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. டிவியையும் அதே தொண்டையில்தான் கத்தவிடுவார். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் ஹெட்ஃபோனும், அதற்கென்று ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே ஒரு கண்ணாடிக் குழல், அதுதான் வால்வு. என்னுடையதில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. நன்றாகச் சூடேறிய பிறகு கேட்டால் நாயனக்காரர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். வேலை விட்டு வந்து அதைக் கேட்கும் ஒரு மணி நேரம் இல்லையென்றால் நான் அந்த வீட்டில் இருந்திருக்கவே மாட்டேன்.

நைனாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஊரே அடுப்புல கெடக்குது. இவன் இன்னொரு அடுப்ப வாங்கியாந்து மேச மேல வச்சிக்கினான்" என்பார். பொழுது சாய்ந்த பிறகும் மலைப்பாறையெல்லாம் அனல் கக்கும் செஞ்சியில் அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஆயுத பூஜையன்று ஆம்ப்ளிஃபயரைச் சூடேறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வீட்டில் இருந்த அத்தனைக்கும் பொட்டு. அரிவாள்மனை, தண்ணி மோட்டார், என் வண்டி, டிவி ரிமோட். கொதிக்கிற வால்விலும் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். வலது வால்வு விரிசல் விட்டு, உள்ளே வெள்ளிபோல இருந்த பூச்சு சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தது. காற்று உள்ளே புகுந்துவிட்டால் அவ்வளவுதான், இனி அது எரியாது.

"வேணும்னே பண்ணிட்ட நைனா!"

"பூசைக்கி வச்சேன்டா. ஒடையும்னு நான் இன்னா கண்டேன்?"

"பொய்."

வீம்புக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இடது காதில் மட்டும் மெல்லப் பாட்டு. வலது காது சும்மா கிடந்தது. சுண்டல் கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா, "இன்னா, புள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்குது?" என்று கேட்டார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு நைனா பேசினார். அந்த மண்டித் தொண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதுல இன்னாதான் கேக்குறான்னு எனுக்கும் ஆசதான். 'இந்தா நைனா, நீயும் கேளு'ன்னு ஒருவாட்டி தலைல மாட்டிவுட மாட்டானான்னு பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்கிப் பொட்டு வச்சா மனசு எறங்குவான்னு நெனச்சேன். அது பட்டுன்னு வுட்டுப்போச்சி."

நான் திரும்பவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் கத்தினாரே, அந்த வாயைத் திறந்து ஒரு தடவை என்னிடமே கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது.