தண்ணி ஊத்த நாள் பார்த்த நர்ஸ்

தோல் வார்டு நர்ஸ் கொண்டுபோகும் பலகாரத்தை அவள் வீட்டிலேயே யாரும் தொடமாட்டார்கள். இந்த வார்டில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில், கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போட்ட காலத்தில், தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நானும் உங்களில் ஒருத்தி.

வேப்பிலையோடு வந்தவள்

பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து மாதம்மாவை அவள் புருஷன் முனிராஜ் டிராக்டரில் கிடத்திக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் புண். அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்கவைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் இறங்காத அம்மை எந்த ஊரில் இருக்கிறது? தொற்றிக்கொள்ளும் என்று பயந்து, இரண்டு வயது மகனை மாமியார் அவள் கிட்டவே விடவில்லையாம்.

டாக்டர் கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலை விரலால் லேசாகத் தேய்த்தார். அப்படியே வழன்று வந்தது. அவளோ வலியைப் பற்றிப் பேசவே இல்லை. "எம் பையனத் தூக்கலாமான்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

டாக்டரின் பாடம்

கொப்புளத்தின் அடியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் தனித்தனியாக உருண்டு கிடந்தன. செல்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒட்டுப்பொருள் ஒன்று உண்டு, கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பு ஆள் தெரியாமல் அதையே தாக்குகிறது, இது தொற்றாது, அந்தத் தாக்குதலை மாத்திரையால் அடக்கலாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். முனிராஜ் பொறுமையாகக் கேட்டார். "களி பதம் தப்பி உதுந்து போச்சுங்கறீங்க. சரிங்க, மறுபடி கிண்டி எடுத்துருங்க."

இலைக்கடை பாய்

பெட்ஷீட் விரித்தால் புண்ணோடு ஒட்டி உரித்துக்கொண்டு வரும். அதனால் வாழையிலை விரித்துத்தான் படுக்கவைப்போம். தினமும் கட்டுக்கட்டாக இலை வாங்கிய முனிராஜிடம், "யாரு வூட்டுக் கல்யாணமுங்க?" என்று கேட்டிருக்கிறார் இலைக்கடை பாய். விஷயம் தெரிந்த மறுநாள் பாயே சைக்கிளில் இலையோடு வந்து நின்றார். உறுத்தாமலிருக்க நடு நரம்பைச் சீவியிருந்தார். "பந்திக்குன்னா கிழிசலயும் தள்ளிவுடுவேன் சிஸ்டர், இது ஒரு பொண்ணு படுக்கற இலை."

தலைக்குத் தண்ணி

கொப்புளம் காய்ந்து வீட்டுக்குப் போனாள். மாத்திரையை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னோம். போனவர்கள் சும்மா இருந்தார்களா? அம்மை இறங்கினால் செய்வதுபோல மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிவிட்டார்கள். தண்ணி ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்று அர்த்தம். மாத்திரை குப்பைக்குப் போனது.

கொப்புளம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது; மறுபடி வார்டுக்கே தூக்கிவந்தார்கள். பிழைப்பாளா என்கிற பயத்தில் நான் கத்தித் தீர்த்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார் சொன்னார்: "இனிமே தண்ணி ஊத்தற நாள நீயே பாத்துச் சொல்லு கண்ணு, நாங்க பூசாரிகிட்ட போவல."

இறங்க மறுத்தவன்

இந்தத் தடவை மாமியாரே மாத்திரைக்குக் காவல். ஒருவேளைகூடத் தப்பவில்லை. வாய்ப்புண் ஆறி, மாதம்மா காரக் குழம்போடு களி தின்றாள். புதுக் கொப்புளம் வருவது நின்றது.

ஒருநாள் செக்கப்புக்கு வந்தவளின் இடுப்பில் அந்தப் பையன். டாக்டர் முதுகைப் பார்க்க வேண்டும், இறக்கிவிடு என்றேன். அவன் அலறிக்கொண்டு அவள் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். நான் பதறிப்போய் அவன் விரல்களை விலக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த தடம் மட்டும்தான் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதம்மா சிரித்தாள். "புடிச்சுக்கட்டும் வுடுங்க சிஸ்டர், இப்பத் தோலு தாங்குது."

பிறகு டாக்டர் மாத்திரையை அடியோடு நிறுத்தியபோது தண்ணி ஊற்ற நானே நாள் பார்த்துக் கொடுத்தேன். அதற்காக மாமியார் கட்டிக் கொடுத்த எள்ளுருண்டையை வழக்கம்போல என் வீட்டில் ஒருவரும் தொடாததால், நான் ஒருத்தியே சந்தோஷமாகத் தின்று தீர்த்தேன்.