'குவைட் எ ஃப்யூ' வீடுகள்

இது நடந்தபோது செங்கல்பட்டில் பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கில மனுக்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். வக்கீல்களே தங்கள் டிராஃப்டை என்னிடம் காட்டித் திருத்திக்கொள்வார்கள். மொழிப்பிழைக்காக என் மனு எதுவும் திரும்பியதில்லை.

1. பட்டியல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து செல்வி என்ற பெண்மணி வந்தார். மீன் விற்பவர். கடல் அரித்ததில் அங்கே வீடுகள் விரிசல் விட்டிருந்தன. கரையில் கல் கொட்டுவது பற்றி முடிவெடுக்கும் வெளிமாநில நிபுணர் குழு, மழைக்கு முன் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதே கோரிக்கை.

"ஏகப்பட்ட வூடு வெடிச்சிகினு கீது சார்" என்று சொல்லி, நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியலை நீட்டினார்.

'ஏகப்பட்ட' என்பதற்கு 'மெனி' மிகச் சாதாரணம். 'லாட்ஸ் ஆஃப்' பேச்சுவழக்கு. 'ஸ்கோர்ஸ் ஆஃப்' பத்திரிகை நடை. 'குவைட் எ ஃப்யூ' என்று எழுதினேன். பல என்பதை அடக்கமாகச் சொல்லும் தொடர் அது. பட்டியல் மனுவின் கட்டுக்கோப்பைக் குலைக்கும் என்று கருதி இணைக்காமல் விட்டேன்.

2. பதில்

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒருசில வீடுகளே பாதிக்கப்பட்டிருப்பதால் நேரடி ஆய்வு தற்போது தேவையில்லை.

செல்வி அந்தக் கடிதத்தோடு வந்தார். 'எ ஃப்யூ' என்றால் சில, 'குவைட்' சேர்ந்தால் பல, மனுவைப் படித்தவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டார்.

"கொஞ்சத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த போட்டா நெறைய ஆயிடுமா? நல்லா கீது சார் உன் இங்கிலீசு. நாப்பத்திமூணுன்னு எழுத உனக்கு இன்னா பேஜாரு?"

பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அதுல என் வூட்ட அடிச்சிடு. முந்தாநேத்து கடல்ல போயிடுச்சி. விரிசல் வுட இப்ப சுவரே இல்ல."

அன்றே மறுமனு எழுதினேன். விரிசல் விட்டவை நாற்பத்திரண்டு, இடிந்தது ஒன்று என எண்ணாலும் எழுத்தாலும் குறித்துப் பட்டியலையும் இணைத்தேன். குழு வந்து பார்த்தது. கல்லும் கொட்டினார்கள், ஆனால் மழைக்குப் பின். அதற்குள் மேலும் மூன்று வீடுகள் போய்விட்டன.

எண் தெரிந்த இடத்தில் அளவுச்சொல் எழுதுவதை அன்றோடு விட்டேன். இத்தொழிலுக்கு வருபவர்களும் விட வேண்டும்.

நான் பிழையான ஆங்கிலம் எழுதியதாகக் கோர்ட்டு வாசலில் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. ஆங்கிலம் சரியாகத்தான் இருந்தது. எண்தான் இல்லை.