கிணறு அப்பிடியே இருக்கு

என் அம்மா பொய் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் வளவுக்குள் முட்டையிட்டால்கூட எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் ஒரு பொய்யை, அதுவும் ஒரே சொற்களில், தவறாமல் சொல்லிவந்தார். பாரிஸில் இருந்து மாமா கோல் எடுப்பார். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, ஊரில் யார் யார் தவறிப்போனார்கள் என்று விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்பார்: "கிணத்துத் தண்ணி எப்பிடித் தங்கச்சி?" அம்மா யோசிக்காமல் சொல்வார்: "அது அப்பிடியே இருக்கு அண்ணை."

அது அப்படியே இருக்கவில்லை. புங்குடுதீவில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டால் முகம் தானாகக் கோணும். அவ்வளவு சவர். சோப்பு நுரைக்காது. அதில் உலை வைத்தால் சோற்றுக்கு உப்பு மிச்சம் என்று அப்பா பகிடி விடுவார். நான் பிறந்த நாள் முதல் அறிந்த கிணறு அதுதான்.

மாமா அறிந்த கிணறு வேறு. அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அதைத் தோண்டினார்களாம். தோண்ட வந்தவர்களோடு தானும் உள்ளே இறங்கி மண் அள்ளினாராம். ஊற்றுக் கண்ட அன்று முதல் வாளித் தண்ணீரை அவருக்குத்தான் குடிக்கக் கொடுத்தார்களாம். இளநீர் மாதிரி இருந்ததென்று அந்தக் கதையை அவர் பாரிஸில் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் காலத்தில் அயல் முழுவதும் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து அள்ளிக்கொண்டு போகுமாம்.

பிறகு மாமா வெளிநாடு போனார். கோப்பை கழுவி உழைத்து, தான் பிறந்த வீட்டை ஒரு சொல் பேசாமல் அம்மாவின் சீதனத்துக்கு விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது. வருடக்கணக்காக இறைப்பாரில்லாமல் கிடந்த கிணறு, அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்து வாளியை விட்டபோது சவராகியிருந்தது. கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை, மாமரம் இல்லை என்று ஒவ்வொன்றாக அம்மா தொலைபேசியில் மாமாவுக்குச் சொல்லியிருக்கிறார். கிணறு என்று வந்தபோது மட்டும் வாய் வரவில்லையாம். "அண்ணைக்கு அது ஒண்டாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்பார். எனக்குப் பத்து வயதாகும்போது அந்தப் பொய் என்னைவிட மூத்ததாக இருந்தது.

அந்த வருடம்தான் மாமா வந்தார்.

சும்மா வரவில்லை. பாரிஸில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்வதென்று தீர்மானித்து, என்ன செய்வதென்று நேரில் பார்த்து வரும் பொறுப்பை மாமாவிடம் விட்டிருந்தார்கள். சவர்த் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற மெசின் ஒன்றைச் சந்தியில் பூட்டித் தந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று எங்கள் பாடசாலை அதிபர் முன்கூட்டியே அவர்களுக்கு எழுதிவிட்டார். அந்த மெசின் வர வேண்டுமென்று ஊரில் என்னைப்போல வேண்டிக்கொண்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது நான்தான்.

கோவிலடியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. போக ஒரு மைல், வர ஒரு மைல். சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கலன்களைக் கட்டிக்கொண்டு போவேன். போகும்போது ஓடலாம். நிரப்பிய பிறகு ஏறி ஓட முடியாது, உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். காலையில் ஒரு தரம், பள்ளி விட்டு ஒரு தரம். காலையில் வரிசை நீண்டால் பள்ளிக்குப் பிந்திவிடும், பிந்தினால் வாசலில் நிற்க வேண்டும். சந்தியோ எங்கள் படலையிலிருந்து நூற்றுப்பத்து அடி. நான் நடந்து எண்ணி வைத்திருந்தேன்.

மாமா வாசலில் வந்து நின்ற வானை விட்டு இறங்கியதும் எங்களைப் பார்க்கவில்லை. நேரே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். அம்மா இதை எதிர்பார்த்திருந்தார். கிணற்றைச் சுற்றி அப்பா முதல் நாளே அரம் மாதிரி விளிம்புள்ள பனங் கருக்குமட்டைகளை அடுக்கிவைத்திருந்தார். "கிணத்துக் கட்டு வெடிச்சுப்போய்க் கிடக்கு அண்ணை, கிட்டப் போகாதையுங்கோ" என்று அம்மா குறுக்கே வந்து நின்று ஒரு செம்பை நீட்டினார். "இந்தாங்கோ, இப்பத்தான் அள்ளினது."

அது காலையில் நான் கோவிலடியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த தண்ணீர். மாமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்து முடித்தபோது மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இருபத்தாறு வருசம் தங்கச்சி. இப்பிடி ஒரு தண்ணி நான் ஒரு இடத்திலயும் குடிக்கேல்லை" என்றார். அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எந்தக் கிணறாக இருந்தால் என்ன, கொண்டுவந்தது நான்.

அந்தப் பெருமை அடுத்த நாளோடு போயிற்று. மாமா தண்ணீரை ஆசையாகக் குடித்தார், செம்பு செம்பாகக் குடித்தார். தேநீர் கொடுத்தால் "தேத்தண்ணி அங்கயும் குடிக்கலாம், எனக்கு எங்கட தண்ணியைத் தாங்கோ" என்பார். கொழும்பில் வாங்கி வந்த போத்தல் தண்ணீர் ஒரு பெட்டி நிறைய, முத்திரை உடையாமல் அறை மூலையில் இருந்தது. அதைக் காணும்போதெல்லாம் அப்பா பெருமூச்சு விடுவார். குளிப்பும் நாளுக்கு இரண்டு தரம். அதற்கான தண்ணீரைப் பவுசர் லொறியில் எடுப்பித்து, மாமா வெளியே போன நேரம் பார்த்துத் தொட்டியை நிரப்புவார்கள். பவுசர் போனதும் முற்றத்து ஈரத்தின் மேல் மணல் தூவிக் கூட்டிவிடுவது என் வேலை. குடிதண்ணீரும் என் வேலை. இரண்டு தரம் போய்வந்தவள் நாலு தரம், ஐந்து தரம் என்று போய்வந்தேன். கோவிலடியில் பெண்கள் என்னைக் கண்டாலே சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "உங்கட மாமா இந்தக் கிணத்தையும் வத்தப்பண்ணிப் போட்டுத்தான் போவார் போல கிடக்கு" என்றார்.

மாமாவைக் குறை சொல்ல முடியாது. அவர் நல்ல மனிதர். கொண்டுவந்த கொப்பிகளையும் புத்தகப்பைகளையும் மேடை போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, வீடு வீடாகப் போய்ப் பாயில் இருந்து கதைத்துவிட்டுக் கொடுத்தார். படம் எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். கூரையில்லாத ஒரு வீட்டுக்குத் தன் கையால் தகரம் ஏற்றிக் கொடுத்தார். எனக்கு இருபத்துநாலு நிறப் பென்சில்கள் கொண்டுவந்திருந்தார். ஒருநாள் நான் படம் கீறிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கை ஏன் பிள்ளை இப்பிடிக் காய்ச்சுப்போய் இருக்கு?"

"சைக்கிள் ஓடுறனான் மாமா" என்றேன். அம்மா சொல்லித்தந்த பதில் இல்லை, ஆனால் அம்மாவின் மகள் நான். மாமா தன் பெட்டியிலிருந்து ஏதோ வாசனைக் களிம்பை எடுத்து என் இரண்டு உள்ளங்கைகளிலும் பூசிவிட்டார்.

ஆறாம் நாள் எங்கள் விறாந்தையில் கூட்டம். அதிபரும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் கதிரைகளில் இருந்தார்கள். மாதர் சங்கத்தின் சார்பில் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அதிபர் மெசின் கதையை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"குறை நினைக்காதையுங்கோ அதிபர். ஆறு நாளா நான் இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறன். அங்க போய் ஊரில தண்ணியில்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? எங்கட படலையைத் திறந்து விடுவம். முந்தி மாதிரி எல்லாரும் வந்து அள்ளட்டும்."

அதற்குப் பதிலாக ஊர் வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்றார். பெரிய வளைவு, மேலே ஊரின் பெயர், தூண்களில் ஊருக்கு உழைத்தவர்களின் பெயர்கள்.

எங்கள் கிணறு சவர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதிபர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா வாயைத் திறந்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அம்மாவை அம்மாவின் வீட்டிலேயே வைத்து, அதுவும் அவருடைய அண்ணனுக்கு முன்னால் பொய்க்காரியாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊர் முழுவதும் தண்ணீரைக் கைவிடவும் தயாராக இருந்தது, அம்மாவைக் கைவிடத் தயாராக இல்லை. அம்மா கதவுப் பக்கம் திரும்பினார். "மாமாவுக்குத் தண்ணி கொண்டு வா பிள்ளை" என்றார்.

குசினியில் குடம் அரைவாசி இருந்தது. செம்பை அதற்குள் விடப்போனேன். அப்போதுதான் அந்த வளைவு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குக் கீழே இரண்டு கலன்களோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நான். பெரிய பிள்ளையான பிறகும் நான். கோபம் வந்ததென்றால் சொல்லி முடியாது. பின்கதவால் இறங்கிக் கருக்குமட்டைகளை விலக்கி உள்ளே நுழைந்தேன். காலில் நீளமாகக் கிழித்தது. வாளியை விட்டு அள்ளிச் செம்பை நிரப்பிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன்.

மாமா செம்பை வாங்கி அண்ணாந்தார். முதல் மிடறு தொண்டையில் நின்றது. கண்கள் திறந்தன. செம்பு உயர்ந்தபடியே இருக்க, அதன் விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தார். என் காலில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடைசித் துளி வரை குடித்தார். அந்தத் தண்ணீரை ஒரு செம்பு முழுவதும் ஒருவர் குடித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"நல்ல தண்ணி" என்றார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அப்பிடியே இருக்குத் தங்கச்சி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்து இருந்து மாமாவின் நாக்கு செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். குசினிக்குள் போய்க் குந்திக்கொண்டிருந்தபோது விறாந்தையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. தொண்டை கரகரத்திருந்தது, அதை நான் சவரின் வேலை என்று நினைத்தேன்.

"அதிபர், வளைவு பிறகு பாப்பம். எங்கட வீட்டில நல்ல தண்ணி இருக்கெண்டு நான் மற்ற வீட்டுப் பிள்ளையளை யோசிக்கேல்லை. மெசினையே போடுவம். அந்தச் சந்தியிலயே போடுவம்."

என் திட்டம் தோற்றுப்போயும் காரியம் எப்படி நடந்ததென்று எனக்கு விளங்கவில்லை. மாமா நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற ஆள் என்று மட்டும் விளங்கியது.

எல்லோரும் போன பிறகு அம்மா குசினிக்கு வந்தார். செம்பைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்த ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அம்மா என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, குடத்திலிருந்த நல்ல தண்ணீரால் காயத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நல்ல தண்ணீரை அவர் அப்படிச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்கவில்லை. சளித் தடிமன் என்று சொல்லித் தேநீரும், பெட்டியிலிருந்து முத்திரை உடைத்த போத்தல் தண்ணீரும் மட்டும் குடித்தார், நாளுக்கு ஒரு தரம்தான் குளித்தார். இத்தனை நாளும் என்னைத் தூக்கவைத்துவிட்டு இப்போதுதானா தடிமன் பிடிக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. போகிற அன்று காலையில் தனியாகக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, வெறும் போத்தல் ஒன்றில் நிரப்பி மூடி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார். பிளேன் ஏறி இவ்வளவு தூரம் சவர்த் தண்ணீர் காவுகிற ஆளும் உண்டா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் சந்தியில் மெசின் வந்தது. நூற்றுப்பத்து அடி நடந்து குழாயைத் திறந்தால் கலன் நிரம்பியது. பள்ளிக்கு நான் பிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எடுப்பது நிற்கவில்லை. ஒருநாள் அம்மா கைத்தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி கதைத்துக்கொண்டிருந்தார். சுகம், மழை எல்லாம் முடிந்தது.

"கிணத்துத் தண்ணி எப்பிடித் தங்கச்சி?"

"அது அப்பிடியே இருக்கு அண்ணை."

"அது காணும் தங்கச்சி, அது போதும்" என்றார் மாமா. பிறகு தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "மாமா அந்தச் சவரைக் குடிச்சவர்தானே? பிறகேன் கேக்கிறார்? நீங்களேன் இன்னும் அப்பிடியே சொல்லுறியள்?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கலனை எடுத்துக்கொண்டு போ பிள்ளை, குழாயடியில சனம் சேரப்போகுது" என்றார்.

வயது போனால் ஆட்களுக்கு மறதி வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமா அந்தச் செம்புத் தண்ணீரை மறந்துவிட்டார், அம்மா அதை யார் அள்ளிக் கொடுத்ததென்பதை மறந்துவிட்டார், இனி எனக்கு அடி விழாது என்ற பெரிய நிம்மதியோடு கலனைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன்.