டாக்டர் விட்டுப்போன திடல்

சனிக்கிழமை மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆள் கேட்டருகில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய பிளான். எங்கள் திடலுக்குப் பின்னால் அடுக்குமாடி கட்டப்போகும் நிறுவனத்தின் ஆள்.

"அக்கா, மத்த ரெண்டு டிரஸ்டியும் ஓகே சொல்லிட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார்.

கையிலிருந்த சட்டையைப் பிழியவும் மறந்து நின்றேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே இருந்த அந்தத் திடல் ஒரு டாக்டருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய கிளினிக்கில் பல வருடம் மருந்து கட்டிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் இல்லாத அவர், இறப்பதற்கு முன் நிலத்தை டிரஸ்ட் ஒன்றுக்கு எழுதி வைத்தார். விற்கக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது, அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். டிரஸ்டிகள் மூன்று பேர்: டாக்டரைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரரான, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்; முனையில் மளிகைக்கடை வைத்திருந்த, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி; நான். எதற்கும் மூவரும் சம்மதிக்க வேண்டும்.

அந்த நிறுவனம் திடலைக் கேட்கவில்லை. அதன் ஓரமாகக் கார்கள் போக ஒரு பாதை மட்டும் கேட்டது. "ஓரம் தானேக்கா" என்றார் அந்த ஆள். ஆனால் அந்த ஓரத்தில்தான் அக்கம்பக்கத்தில் மசாஜ் தொழில் செய்யும் பார்வையற்றவர்கள் மாலையில் நடப்பார்கள். சாலையில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டு போகும் வட்டாரத்தில், கோலைத் தட்டித் தட்டிப் பயமில்லாமல் நடக்க அவர்களுக்கு அந்த ஓரம்தான் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இரவு கணவரிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் சரின்னா நீ ஒருத்தி என்ன செய்யப்போற? நம்மளுக்கு எதுக்கு இந்த வம்பு? அவனுங்க பெரிய ஆளுங்க லா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுவாரம் மினி பஸ்ஸிலிருந்து பார்த்தேன்: ஸ்டேஷன் மாஸ்டர் அந்த ஆளின் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அன்று மாலை கடைக்குப் போனபோது தவுக்கே என் முகத்தைப் பார்க்காமலேயே சீனியைப் பொட்டலம் கட்டினார். எப்போதும் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் சேர்த்துத் தருபவர், அன்று தரவில்லை. போய்க் கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்தே நாள்களைக் கடத்தினேன். கிளினிக்குக்குப் பிறகு சேர்ந்த அலுவலகத்தில் டைப் அடித்ததையே மறுபடி மறுபடி தப்பாக அடித்தேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் திடலின் ஓரத்தில் பாதைக்கு அளவெடுத்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்கம்புகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. அன்று மாலை, தினமும் அங்கே நடக்கும் மசாஜ்காரர் ஒருவர் அதில் தடுக்கி விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். முழங்கையில் ரத்தம். அவர் கோலால் கம்பைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? நேத்து இல்லையே?"

அவரை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் முகத்தில் கோபம் இருந்தது. நான் வாயெடுக்கும் முன்பே அவர் கேட்டார்: "ஏன் பிள்ளை கையெழுத்து வைச்சனீர்? என்னட்ட ஒரு சொல் கேக்கேலாதோ?"

"நானா? நீங்க வச்சிட்டீங்கன்னுதானே என்கிட்ட சொன்னான்! அவன் கார்லேருந்து நீங்க இறங்கினதைப் பார்த்தேனே!"

"பிளான் காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு போனவன். நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நீரும் தவுக்கேயும் சம்மதம் எண்டல்லோ சொன்னவன்!"

இருவரும் அப்படியே கடைக்குப் போனோம். தவுக்கே எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் தராசை வைத்துவிட்டு எழுந்தார். விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, என்கிட்டயும் அப்படித்தான் சொன்னான்லா! பெரியவரும் தங்கச்சியும் சரி சொல்லிட்டாங்க, நீ ஒரு ஆள்தான்னு. உங்க ரெண்டு பேர் மேல எனக்கு அவ்ளோ கோபம்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஒவ்வொருவராக மனம் விட்டுப்போய்த் தலையாட்டியிருப்போம்.

மறுநாள் மூவருமாகக் கம்புகளைப் பிடுங்கி வேலியோரம் அடுக்கி வைத்தோம். அந்த ஆள் வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர்தான் பேசினார். இனி எங்களில் ஒருவரைத் தனியாகப் பார்க்க வரக் கூடாது, மூவர் பதிலும் முடியாது என்பதுதான் என்றார். அந்த ஆள் கம்புகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல் என்னை மாதக்கணக்கில் வாட்டியது. வாசலில் லோரி நின்றால்கூட ஜன்னலுக்கு ஓடினேன். மாநகராட்சியில் போய் முறையிட்டோம்; வக்கீலையும் பார்த்தோம். கடைசியில் அவர்கள் பின்பக்கத் தெருவிலேயே பாதை போட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வரிசை வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பேரை டிரஸ்டில் சேர்த்தோம். மாதம் ஒருமுறை, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், திடலில் கூடி உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டோம். அடுக்குமாடி எழும்பியது. மூன்று மணிக்கே அதன் நிழல் திடலில் பாதியை மூடிவிடும். அந்தப் பக்கத்து ஜம்புப் பழ மரம் முன்போல் காய்ப்பதில்லை. மசாஜ்காரர்கள் நடக்கும் ஓரத்தில் மட்டும் கார் ஏதும் வரவில்லை.