நிற்கச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் சாரங்கபாணிக்கு மாரெட்பள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை. எங்கள் தெருவில் பதினோரு நாய்கள். பதினொன்றுக்கும் பெயர் வைத்த மகராசன் அவர்தான். என் காபி ஆறினால் பரவாயில்லை, அதுகளுக்குக் கோழிச்சோறு சூடாகப் போயாகவேண்டும். யாராவது நாய் என்று வாயெடுத்தால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். "ஓடுறவனைத்தான் நாய் துரத்தும். அசையாம நின்னா மோந்து பாத்துட்டுப் போயிடும்." முப்பது வருஷமாகக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர் கோவிந்தராஜன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கடைக்குச் செம்புக் கம்பி கொண்டுவருகிறவர், வேலூர்க்காரர். நாச்சாரம் தாண்டி ஏதோ புதுக் காலனியில் வீடு வாங்கியிருந்தார். எங்களுக்குப் பழக்கமே இல்லாத இடம். பாதிக்குப் பாதி காலி மனைகள். தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார்.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இவர் போன் போட்டார். "அங்கேயே நில்லுங்க சார், பாப்பாவை அனுப்பறேன்," என்றார் கோவிந்தராஜன். பாப்பா என்றால் ரக்ஷிதா, எட்டு வயது. அப்பாவோடு கடைக்கு வரும்போதெல்லாம் இவரோடு சேர்ந்து எங்கள் தெரு நாய்களுக்குப் பிஸ்கட் போடும். அங்கிள் சொன்னால் அதற்கு வேதவாக்கு.

சற்றுத் தள்ளி ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு கையை ஆட்டியபடி வந்தது. நடுவில் ஒரு காலி மனை, அதில் கோழிக்கடைக் கழிவு மலைபோல. அதை மேய்ந்துகொண்டிருந்த ஐந்து நாய்கள் தலையைத் தூக்கின. குழந்தை பார்த்தது, சட்டென்று திரும்பி ஓடியது. கேட்டுக்குப் பத்தடிதான் இருந்தது.

"ரக்ஷி! ஓடாதே! அப்படியே நில்லு!" என்று இவர் கத்தினார்.

நின்றது. ஐயோ, சொன்ன பேச்சைக் கேட்டுச் சிலையாக நின்றது அந்தக் குழந்தை!

அதில் ஒரு செவலை நாய் குழந்தையின் தோளில் பாய்ந்து கீழே தள்ளியது. மற்றவை காலைக் கவ்வி ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நான் செருப்பைக் கழற்றி வீசினேன், கையிலிருந்த ஸ்வீட் டப்பாவை வீசினேன். இவர் ஓடிப்போய் ஒன்றை உதைத்தார். அது இவர் கெண்டைக்காலைப் பிய்த்தது. செவலை மட்டும் குழந்தையின் கன்னத்தை விடவேயில்லை. அதன் வாய்க்குள் இடது கையைத் திணித்துத் தாடையைப் பிளந்தார், வலது கையால் செங்கல்லை எடுத்து மண்டையில் அடித்தார். பிடி விட்டது. மற்ற நாய்கள் ஓடிப்போயின. இவர் நிறுத்தவில்லை. செத்த நாயை அடித்துக்கொண்டே இருந்தார். கோவிந்தராஜன் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரக்ஷிதாவுக்கு முகத்திலும் தொடையிலுமாக நாற்பத்தொரு தையல். கூட வந்த அக்கம்பக்கத்தார் இவரைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்தார். இவருக்குக் கையிலும் காலிலும் கட்டு. என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "தங்கம், நான்தானே நிறுத்தினேன்?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

"உயிரைக் காப்பாத்தினீங்க, அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேச நக்கோ, வேண்டாம்."

உள்ளே, குழந்தையின் அம்மா சுபாஸ்ரீ அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "ஏன் கண்ணு நின்ன? கேட் கிட்டத்தானே இருந்துச்சு? ஓடி வந்திருக்கலாம்ல?"

குழந்தை கட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் இவரைப் பார்த்தது. காட்டிக்கொடுக்க மனமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குமேல் இந்த மனுஷனால் தாங்க முடியவில்லை.

"அவ ஓடத்தான்மா செஞ்சா. நான்தான் நில்லுன்னு கத்தினேன்."

சுபாஸ்ரீ எழுந்து வந்து பளாரென்று அறைந்தாள். இவர் மூக்குக்கண்ணாடி தெறித்துக் கட்டிலுக்கடியில் போனது. மறுபடியும் அறைந்தாள். கோவிந்தராஜன் அவள் கையைப் பிடிக்கப் போனார். "விடுப்பா, அடிக்கட்டும்," என்றார் இவர்.

என் புருஷனை யாராவது ஒரு வார்த்தை சொன்னாலே தெருவில் இறங்கிச் சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வராந்தாவில் அவர் வாயைப் பொத்தியவள் நான், அந்த ரெண்டு அறையில் ஒன்று எனக்கும் விழுந்திருக்கவேண்டும்.