அரைமுடிச்சு

பெயிண்டருக்கு இப்போதெல்லாம் ஏணி ஏறுவதே தண்டனையாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் இரண்டும் முனகின. வயதான காலத்தில் சுவர் வேலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று மனைவி கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கோவில் வேலை என்றால் மறுக்கவா முடியும்? பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் சொரூபம் சாயம் உரிந்து, தேமல் பிடித்தது போல இருந்தது. ஃபாதர் கூப்பிட்டுவிட்டார், ஏறியாயிற்று.

கோவில் கமிட்டிக்காரர்கள் ஒரு கட்டளை வேறு போட்டிருந்தார்கள். ரத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பூச வேண்டுமாம், குழந்தைகள் பயப்படுகிறார்களாம். பயம் பெரியவர்களுக்கு, பழி குழந்தைகள் மேல். பெயிண்டர் தனக்குள் சிரித்துக்கொண்டு, ஆணி அடித்த வலது கையை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தார். பழைய சிவப்புக்கு அடியில் இன்னொரு சிவப்பு, அதற்கும் அடியில் இன்னொன்று. அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்தக் காயத்தைப் பூசியிருக்கிறார்கள்.

இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்து "எங்கள் பாவங்களுக்காக" என்று ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் என்றால் பெரிய கூட்டம். அதற்குள் ஒரு ஆள் ஒளிந்துகொள்வது சுலபம். ஏணி மேல் கூட்டம் ஏது? குற்றமே செய்யாதவர், அடுத்தவன் பழியைச் சுமந்து, வாயைத் திறக்காமல் தொங்கிக்கொண்டிருந்தார். பெயிண்டருக்கு மைத்துனன் ஞாபகம் வந்துவிட்டது.

பழைய கதை அது. ஒரு மாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது, பலகையின் ஒரு பக்கத்தில் பெயிண்டர் அரைமுடிச்சு போட்டார். டீ ஆறிவிடும், குடித்துவிட்டு வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. டீயோடு பேச்சு வளர்ந்தது, முடிச்சு மறந்தது. உதவியாள் ஒருவன் அந்தப் பலகையில் ஏறி, விழுந்து, இடுப்பை முறித்துக்கொண்டான். யார் கட்டியது என்று காண்டிராக்டர் கத்தினார். பெயிண்டர், மறுபக்கம் கட்டிக்கொண்டிருந்த மைத்துனனைக் கைகாட்டினார். மைத்துனன் ஒரு தரம் அவரைப் பார்த்தான்; பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அதோடு அவனைச் சாரத்தில் ஏற்ற ஆளில்லை. அவனுடைய சொந்த அக்கா, அதாவது பெயிண்டரின் மனைவி, ஒருவனை முடமாக்கிவிட்டானே என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் பெயிண்டர் இறங்கிப் போனார்.

மைத்துனன் இப்போது ஒரு கிடங்குக்குக் காவலாளி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றி வளைத்துப் பேச இவருக்குத் தெம்பில்லை. நின்றபடியே போட்டு உடைத்தார்.

"அந்த முடிச்சு நான் போட்டது. பழியை உன் தலையில கட்டிட்டேன். மன்னிச்சிடு மச்சான்."

மைத்துனன் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான்.

"உட்காருங்க மாமா. அன்னிக்கே தெரியும். அக்கா அப்ப மாசமா இருந்தா. உங்களுக்கு வேலை போனா அவ என்ன பண்ணுவா? உங்களை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அக்கா என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாளே, அதுதான் இன்னும் தாங்கல."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், மன்னிப்புதான் கிடைத்துவிட்டதே, இனி அவளிடம் வேறு சொல்ல வேண்டுமா என்று மனம் நைசாகக் கேட்டது. அரைமுடிச்சு போட்டே பழகின மனம். அதன் மேல் அவருக்கே வெறுப்பாக இருந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. மடித்த சட்டையையே மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா செத்தன்னிக்கு அவன் அழுதுகிட்டு என் பக்கத்துல வந்து நின்னான்," என்றாள். "பாவி, தள்ளி நில்லுன்னு சொன்னேன்."

எழுந்து செருப்பை மாட்டினாள். நானும் வருகிறேன் என்று அவர் கிளம்பினார்.

"நீங்க வேண்டாம். அவன் கால்ல நான்தான் விழணும். நீங்க அந்த இடுப்பு ஒடிஞ்சவன் வீட்டுக்குப் போங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை பெயிண்டர் வாசலில் நின்றார். அந்த ஆள் வீட்டுத் தெருவை இத்தனை காலமும் சுற்றிக்கொண்டு போயே பழக்கம். "ஆண்டவரே, நான்தான்" என்று முணுமுணுத்தபடி, அந்தத் தெருவைப் பார்த்து நேராக நடந்தார்.