நான் கழற்றி வைத்துக்கொண்ட நான்கு டயர்கள்

காரை விற்கிறவன் நல்ல டயரோடு விற்கமாட்டான். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். வாங்க வருகிறவன் ஓட்டிப் பார்க்கும்வரை நல்ல டயர் கிடக்கும். வண்டி கைமாறுவதற்கு முதல் நாள் அது கழன்று வீட்டுக்குப் பின்னால் போய்விடும், பழையது ஏறிவிடும். ருவான்வெல்லையில் கராஜ் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் என் மனசாட்சியின் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் லொறி ஓட்டியவன் நான். அதை விட்ட பிறகு சின்னதாக ஒரு ஜப்பான் கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடினேன். தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம், திருவிழா என்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். வண்டி விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒளிப்பானேன்?

அந்தக் காரை வாங்கியவன் எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னால் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி, முழங்கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. லைசன் மட்டும் எடுத்து வைத்திருந்தான். என் காரை விற்றுவிட்டு அதே ரகத்தில் கொஞ்சம் புதுசாக ஒன்று எடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் வந்து நின்றான்.

"அண்ணே, ஒங்க கார எனக்கே குடுங்க. காலையில ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தி எறக்குனா போதும். இந்த மலையில நான் ஏற வேண்டியதில்ல."

அந்தக் கார் ஓடினால் அவன் மலையை விடலாம், ஓடாவிட்டால் மறுபடியும் மலைதான். இது எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியும்.

ருவான்வெல்லை வரை ஓட்டிப் பார்த்தான். பக்கத்தில் நான், பின்னால் அவன் மனைவியும் ஐந்து வயது மகளும். டயர் நான்கும் போட்டு மூன்று மாசம்கூட ஆகவில்லை. மெத்தென்ற ரப்பர். தோட்டத்து ரோட்டில் கல்லின் மேல் ஏறினால் டயரே அதை விழுங்கிவிடும், உள்ளே இருப்பவருக்கு லேசாக ஒரு அசைவுதான் வரும். தார் ரோட்டுக்கு ஏறிவிட்டால் சத்தமே இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவுதான் திரும்பும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பின்சீட்டில் பிள்ளை தூங்கியே போனாள். திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணே, எனக்கு ஓட்ட வருதுண்ணே."

"கை நல்லா வருது தம்பி," என்றேன். அது உண்மை. அவனுக்கு நல்ல கை.

சனிக்கிழமை பின்னேரம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்களை எடுத்தேன். இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. வரிகள் ஆழமாகத்தான் இருந்தன, பார்க்கிறவன் நல்ல டயர் என்றுதான் சொல்வான். நகத்தால் அழுத்தினால் இறங்காது. பக்கவாட்டில் குதிகால் வெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரப்பர் செத்துப்போனது தெரியாதா என்ன? தெரிந்துதான் ஏற்றினேன். நாலைந்து மாசத்தில் அவனே மாற்றிக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் நம்ம புள்ள மாதிரிங்க," என்றாள்.

"ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், உள்ள போ," என்று எரிந்து விழுந்தேன். குற்றம் செய்கிற நேரத்தில் எனக்குக் கோபம் தானாக வரும். அவளுக்கு அது தெரியும், உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வந்தபோது, அவன் குளித்து விபூதி பூசிக் காத்திருந்தான். நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கழற்றிய டயர்கள் என் புதுக் காரில் ஏறிவிட்டன.

முதல் வாரத்திலேயே வந்தான். "அண்ணே, அம்பது தாண்டுனா ஸ்டியரிங் நடுங்குது. உம்முனு ஒரு சத்தம் வேற." காற்று கூடியிருக்கும், பார் என்றேன். அவன் குறைத்துப் பார்த்தான். கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றான். பழகப் பழகச் சரியாகும் என்றேன். கல்லில் ஏறினால் முதுகெலும்பு வரைக்கும் அடிக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். தண்ணீர் பைப்படியில் நாலு பேர் முன்னால், "அண்ணே ஓட்டுனா தொட்டில்ல போறாப்புல இருந்திச்சி. இவரு ஓட்டுனா உரல்ல போட்டு இடிக்கிறாப்புல இருக்கு," என்று சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

மழை தொடங்கிய வாரத்தில் அது நடந்தது. மதகுக்குப் பக்கத்து வளைவில் மெதுவாகத்தான் வந்திருக்கிறான். லேசாக பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் வழுக்கி, கார் அரைவட்டம் சுற்றி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் நேரம். உள்ளே அவனும் மகளும்தான். பிள்ளையின் நெற்றி முன்சீட்டில் மோதிக் கிழிந்துவிட்டது.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதே ஈர ரோடு, அதே வளைவு. கார் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை, குலுங்கவில்லை. பின்னால் அவன் துவாயால் பிள்ளையின் நெற்றியை அழுத்திக்கொண்டு, "மெதுவா ஓட்டிட்டுத்தான் வந்தேன்ணே, மெதுவாத்தான் வந்தேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சேர வேண்டிய டயரின் மேல் அவளை வைத்துக்கொண்டு போகிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று தையல் போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து அவன் சாவியோடு வந்தான். "அண்ணே, நீங்க ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க."

ஓட்டினேன். முதல் திருப்பத்திலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பியது. ரோடு ஈரமாக இருந்ததால் பின்பக்கம் எந்த நேரமும் விலகப் பார்த்தது. ஆனால் நான் பழைய லொறிக்காரன். பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே இறக்கி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கல்லில்லாத இடமாகப் பார்த்து, ஒரு குறையும் தெரியாமல் மதகுவரை போய்த் திரும்பி வந்தேன். அந்தக் கார் கெட்ட கார் என்று காட்டியிருக்கலாம். என் திறமை முழுவதையும் போட்டு அதை நல்ல காராகக் காட்டினேன்.

லயத்து வாசலில் நிறுத்தியதும் அவன் இறங்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. காரா, நானா?"

டயரை மாற்று தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எப்போதிருந்து இப்படி என்று அடுத்த கேள்வி வந்துவிடுமே என்று பயந்தேன்.

"காருக்கு ஒன்னுமில்ல தம்பி. ஒனக்குத்தான் கை பழகல."

அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரை ஓட்டவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேறொருவர் ஏற்ற ஆரம்பித்தார். அவன் மறுபடியும் கத்தியும் வாளியுமாக மலைக்கு ஏறினான். கொஞ்ச நாளில் வரக்காப்பொலயிலிருந்து ஒரு முதலாளி வந்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்து, "மேவா நங் இவரய்" என்று சொல்லிக் காரை வாங்கிக்கொண்டு போனார். இது முடிந்து போன டயர் என்று அவருக்கு ஒரு உதையில் தெரிந்தது. அவன் அப்போது காரின் பத்திரங்களை எடுக்க வீட்டுக்குள் போயிருந்தான். நான் இருந்தேன். புது டயரோடு அந்தக் கார் ஒரு நாள் பஜாரில் சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனபோது, "பாத்தீங்களாண்ணே, காரு நல்ல காருதான்," என்றான் அவன்.

இரண்டு வருஷம் கழித்து, தவக்காலத்தில், பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். அவர் சிங்களவர். எல்லாம் கேட்டுவிட்டு, "எயாட்ட கிவ்வாத?" என்று மட்டும் கேட்டார், அவனிடம் சொன்னாயா என்று. இல்லை என்றேன். அதைச் செய்துவிட்டு வா என்றார்.

அடுத்த நாள் பால் நிறுக்கிற இடத்தில் அவனைப் பிடித்து, தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். டயரை மாற்றியதை, ஏன் மாற்றினேன் என்பதை, கார் ஏன் வழுக்கியது என்பதை. அவன் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"நான் கேட்டனே, காரா நானான்னு. அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"டயர மாத்துனத விடுங்க. வித்தா நானும் மாத்தியிருப்பேன்." வாளியைக் கை மாற்றிப் பிடித்தான். "ரெண்டு வருஷமா அந்தப் புள்ள நெத்தியப் பாக்குறப்ப எல்லாம், நான்தான் ஒடச்சேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

என் கார்ச் சாவியை நீட்டினேன். ஓட்டிப் பார் தம்பி, உனக்கு நல்ல கை என்றேன். "வேணாம்ணே. இப்ப ஸ்டியரிங்கப் பாத்தாலே நடுங்குது," என்று சொல்லிவிட்டு நிறுக்கப் போய்விட்டான்.

போன மாசம் கேகாலையில் ஒரு கல்யாணத்துக்கு என் காரைத்தான் கூப்பிட்டார்கள். அவன் மனைவிதான் வந்து கேட்டாள். மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நல்ல மழை. வளைவுகளில் நான் காரை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "பாத்தீங்களா, அண்ணே எவ்வளவு பதமா ஓட்டுறாரு. ஒங்களுக்குத்தான் அது வரல," என்று அவனைச் சீண்டினாள்.

அவன் வீட்டில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். "ஆமா, எனக்கு வரல," என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேகாலைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது, சொல்ல நேரம் தாராளமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.